விரித்த பாய், சுருட்டிய பாய்

விடிந்ததும் அக்கா சொல்லும் முதல் வார்த்தை, "பாயைச் சுருட்டு."

காப்பி ஆச்சா, பிள்ளை எழுந்துவிட்டதா, இரவு மழைக்கு ஒழுகியதா, எல்லாம் அதற்கப்புறம்தான். மாடிப்படி முடிகிற இடத்தில் நின்று பலகைத் தடுப்பை விரல் முட்டியால் ஒரு தட்டு. பாயைச் சுருட்டு. அரைத் தூக்கத்தில் மகளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு நான் பாயைச் சுருட்டுவேன். மிளகாய் மூட்டைகளுக்கும் சுவருக்கும் நடுவில் அதை நிறுத்தி வைப்பேன். தலையணையைக் காலிச் சாக்குக்குள் திணிப்பேன். சேலைகளைப் பெட்டியில் போட்டு, பெட்டியின் மேல் கோணியை விரிப்பேன். அவ்வளவுதான். நாங்கள் அங்கே இல்லை.

"விரிச்ச பாய்னா ஆளு. சுருட்டின பாய்னா சாமான்," என்பார் அக்கா. "ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணும் கிடையாது."

இப்போது சிங்கப்பூரின் வடக்கே, ஈசூன் அடுக்குமாடியில் எனக்குக் கட்டில் இருக்கிறது. படுத்தபடியே பார்த்தால் ரயில் பாதைக்குத் தூண் எழுப்புவது தெரிகிறது. ஐம்பதை நெருங்குகிறேன். ஆனாலும் விடிந்ததும் கை தானாகப் படுக்கையின் ஓரத்தைத் தேடுகிறது, சுருட்டுவதற்கு. மெத்தை மடங்க மறுக்கிறது. அப்போது ஒரு கணம், ஒரே ஒரு கணம், தோன்றிவிடுகிறது. மாட்டிக்கொண்டோம் என்று.

அது சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில், தேக்கா சந்தைக்கு எதிர்ப்புறம் இருந்த கடைவீடு. கீழே மிளகாய், மல்லி அரைக்கும் மில். மேலே ஒரே மாடி. அந்த மாடி முழுவதையும், எங்கள் யாருக்கும் உறவில்லாமலே எல்லாருக்கும் அக்காவான அவர் வாடகைக்குப் பிடித்து, பலகையால் தடுத்துத் தடுத்து எங்களுக்கு விட்டிருந்தார். தெருப்பக்கம் சன்னல் உள்ள தடுப்பில் துறைமுகத்தில் வேலை பார்த்த ராயப்பன் அண்ணன், அவர் மனைவி, ஒரு மாதா படம். நடுத் தடுப்புகளில் ஷிப்டு மாற்றிப் படுக்கும் ஆட்கள். ஒருவர் எழுந்த சூட்டிலேயே இன்னொருவர் படுப்பார். பின்னால் எல்லாருக்கும் பொதுவான சமையல்கட்டு, வரிசையாகக் கரி அடுப்புகள். படிக்கட்டுக்கும் சமையல்கட்டுச் சுவருக்கும் நடுவில் மிஞ்சிய இடத்தில் கீழ் மில்லின் மூட்டைகள். மூட்டைகளுக்கு நடுவில் நானும் மகளும். அங்கே சன்னல் இல்லை. கதவைச் சாத்தினால் பகலும் இல்லை.

கப்பலில் சமையல்காரராகப் போன என் கணவரிடமிருந்து தகவல் நின்றுபோன காலம். பழைய இடத்தில் வாடகை கொடுக்க முடியவில்லை. கைக்குழந்தையோடு கீழ்க்கடை வாசலில் நின்ற என்னை அக்கா மேலிருந்து பார்த்தார். இறங்கி வந்தார். "இடம் இல்ல," என்றார். அப்புறம், "இடம்னு சொல்ற மாதிரி இல்ல. ஆனா இருக்கு," என்றார்.

அவருக்கு என்ன வயது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. நெட்டையான உடம்பு. ஒற்றைக்கல் மூக்குத்தி. இடுப்பில் செருகிய மர அடிக்கோல். பகல் முழுவதும் சன்னலோரம் முறத்தோடு உட்கார்ந்து மில்லுக்காக மிளகாய்க் காம்பு கிள்ளுவார். மல்லியில் கல் பொறுக்குவார். அந்த விரல்களில் காரம் ஊறிப்போயிருந்தது. என் மகள் கன்னத்தைத் தொடவேண்டுமென்றால் கையைத் திருப்பி மணிக்கட்டின் பின்புறத்தால் தடவுவார். விரலால் ஒருநாளும் தொட்டதில்லை.

அவர் படுக்கிற இடத்தில் ஆணியில் ஓர் ஆண்பிள்ளைக் குடை தொங்கும். யாருடையது என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"மழைக்கு உள்ளது," என்றார்.

அக்கா எதையும் கண்ணுக்குத் தெரிகிறபடி எடுத்துக்கொள்ளமாட்டார். சட்டத்தில் அதற்கு என்ன பெயர் என்று கேட்பார். முன்னொரு காலத்தில் வேறு ஒரு தெருவில் அவர் குடியிருந்த இடத்துக்கு அதிகாரி ஒருவர் வந்து, இது சமையல்கட்டு, இங்கே படுக்கக்கூடாது என்றாராம். பொழுது சாய்வதற்குள் படுக்கையும் பாத்திரமும் கடை வாசல்களை ஒட்டி ஓடும் அஞ்சடிப் பாதையில் கிடந்தனவாம். காலையில் அது வீடு. "அடிக்கல, திட்டல. ஒரு சொல்லு சொன்னான்லா, அதோட முடிஞ்சுபோச்சு," என்பார். கோபமே இல்லாமல் சொல்வார். அதுதான் எனக்குப் பயமாக இருக்கும்.

அன்றிலிருந்து அவர் அந்தச் சொற்களைப் படித்துக்கொண்டார். புத்தகத்தில் அல்ல, வருகிற அதிகாரி எங்கே நிற்கிறார், எதைத் தொடுகிறார், எதைப் பார்த்து முகம் சுளிக்கிறார் என்பதில். தடுப்பு கூரையைத் தொட்டால் அது அறை. அறை என்றால் வெளிக்காற்று வரச் சன்னல் வேண்டும். கூரைக்குக் கீழேயே நின்றுவிட்டால் அது வெறும் தடுப்பு. அடுப்பு இருந்தால் சமையல்கட்டு. அங்கே படுக்கை ஆகாது. படுக்கை இருந்தால் குடியிருப்பு. அங்கே மூட்டை ஆகாது. அவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. சொல்லை மாற்றமாட்டார். பொருளைத்தான் தூக்கி அந்தச் சொல்லுக்குள் வைப்பார். சமையல்கட்டை, கரி அடுப்புகளைத் தூக்கிப் பின்படிக்கட்டில் அடுக்கிவிட்டு, அதிகாரி படியேறும் நேரத்துக்குள் துணி துவைக்கிற இடமாக்கிவிடுவார்.

ராயப்பன் அண்ணன் கல்யாணமான புதிதில் தன் தடுப்புக்கு மேலே, கூரைவரை, அட்டைப் பெட்டிகளைக் கிழித்து ஆணியடித்தார். சத்தம் கேட்டு அக்கா முறத்தை இறக்கி வைத்துவிட்டுப் போனார். அடிக்கோலை அட்டைக்குள் விட்டு ஓர் இழுப்பு.

"அக்கா, புதுப் பொண்டாட்டிக்கா," என்றார் அண்ணன்.

"இருக்கட்டும். கூரையத் தொட்டா அறை. உனக்கு சன்னல் இருக்கு, தப்பிச்சுக்குவ. உன்னப் பாத்து நடுவுல இருக்கிறவன் அடிப்பான். அவனுக்கு சன்னல் எங்க?"

"அப்போ நாங்க பேசுறதெல்லாம் மாடிக்கே கேக்குமே."

"பேசாத."

மாடி முழுவதும் சிரித்தது. சிரிப்பும் தடுப்புக்கு மேலாகத்தான் எல்லா இடத்துக்கும் போனது.

வீடுகளைச் சோதிக்கிற இன்ஸ்பெக்டர் வருகிற நாள் பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்துவிடும். தெருமுனைக் காப்பிக் கடையிலிருந்து செய்தி வீடு வீடாகத் தாண்டி வரும். நான் மகளைத் தூக்கிக்கொண்டு எதிரே சந்தைக்குள் போய்விடுவேன். கருவாட்டுக் கூடைகளுக்கும் கீரைக்கட்டுகளுக்கும் நடுவில், ஒன்றும் வாங்காமல், வாங்குகிறவள்போல் சுற்றிக்கொண்டிருப்பேன். கண் மட்டும் எங்கள் மாடிச் சன்னலில். இன்ஸ்பெக்டர் போனதும் அக்கா ஈரத் துணி கோத்த மூங்கிலைச் சன்னலுக்கு வெளியே நீட்டுவார். அந்தத் தெருவில் எல்லாச் சன்னல்களிலும் மூங்கில்கள் நீட்டிக்கொண்டிருக்கும். எங்களுடையது மட்டும் எனக்கு வேறாகத் தெரியும். அது வெளியே வந்தால் படியேறலாம். வராதவரை நானும் மகளும் ஊரில் எந்த இடத்திலும் இல்லாதவர்கள்.

சந்தையில் கீரைக்கார அம்மா ஒருநாள் மகளிடம், உன் வீடு எங்கே கண்ணு என்று கேட்டார். மகளுக்கு அப்போதுதான் பேச்சு கோவையாக வர ஆரம்பித்திருந்தது.

"அங்க," என்று மாடியைக் காட்டினாள். "ஆனா நாங்க அங்க இல்ல."

கீரைக்கார அம்மா சிரித்தார். நான் மகளைத் தூக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்கு நகர்ந்தேன்.

ஒரே ஒருமுறை செய்தி வரவில்லை. கால் சத்தம் படியில் கேட்ட பிறகுதான் தெரிந்தது. கீழே இறங்க வழியில்லை. பாய் சுருட்டியிருந்தது. நாங்கள் சுருட்டப்படவில்லை. மகளை அணைத்துக்கொண்டு மூட்டைகளுக்குப் பின்னால் ஒடுங்கினேன். கதவு திறந்தது. இன்ஸ்பெக்டர் சீனர். அவருக்குத் தமிழ் தெரியாது, அக்காவுக்குச் சீனம் தெரியாது. இருவரும் சந்தை மலாயில் பேசிக்கொள்வார்கள்.

"புக்கான் பிலிக், துவான். தெம்பாட் பாராங்," என்றார் அக்கா. அறை இல்லை ஐயா, சாமான் வைக்கிற இடம்.

இன்ஸ்பெக்டர் போகவில்லை. விளக்கைத் தூக்கிப் பிடித்தார். ஒளி மூட்டைகளின் மேல் நகர்ந்து வந்தது. அப்போது மகளின் மூக்கு சுருங்குவதை என் உள்ளங்கையில் உணர்ந்தேன். கைக்குழந்தையிலிருந்தே மிளகாய் நெடியில் வளர்ந்த பிள்ளை, தும்மலை அடக்கப் பழகியவள். இருந்தாலும் பிள்ளை. பொத்தினேன். அவள் உடம்பு ஒருமுறை உதறியது. இன்னொரு முறை.

அக்கா என்ன கண்டாரோ, எப்படிக் கண்டாரோ. பக்கத்திலிருந்த மூட்டையின் வாயை அவிழ்த்து, இது நல்ல மிளகாய், பாருங்கள் துவான் என்பதுபோல் இரண்டு கையாலும் அள்ளி மேலே தூவினார். சிவந்த புழுதி எழுந்தது. இன்ஸ்பெக்டர் தும்மினார். அக்கா தும்மினார். அவரோடு வந்து படிக்கட்டில் நின்ற பியூன் தும்மினார். அதற்குள்ளே எங்கேயோ என் மகளும் தும்மினாள். தும்மல்களில் எது யாருடையது என்று சட்டத்தில் எழுதியிருக்காது. இன்ஸ்பெக்டர் கைக்குட்டையை முகத்தில் அழுத்திக்கொண்டு இறங்கிப் போனார்.

அன்று முழுவதும் அக்காவின் கண் சிவந்தே இருந்தது. மிளகாய்தான் என்றார். இருக்கலாம்.

எனக்கு இன்னொரு சங்கடமும் இருந்தது. கோவிலில் பெண்கள் என் நெற்றியைப் பார்ப்பார்கள். புருஷன் இருக்கிறானா, இல்லையா? எனக்கே தெரியாததை அவர்களுக்கு என்ன சொல்ல? பொட்டு வைத்தால் ஒரு பார்வை, வைக்காவிட்டால் வேறு பார்வை. அக்காவிடம் ஒருநாள் அழுதேன்.

"வச்சுக்க," என்றார், காம்பு கிள்ளிக்கொண்டே. "எடுக்கணும்னா ஆபீஸ்லேர்ந்து யாராவது வந்து சொல்லட்டும்."

அறுபதுகளின் தொடக்கத்தில், ஆபீஸிலிருந்து வந்தார்கள். வேறு காரியத்துக்கு.

எங்கள் வரிசைக் கடைவீடுகளை இடிக்கப்போகிறார்கள். குடியிருப்பவர்களுக்கு அடுக்குமாடியில் வீடு. வெள்ளைச் சட்டைத் தமிழ்ப் பையன் ஒருவர், மொழிபெயர்க்க வந்தவர், படிக்கட்டில் நின்று எல்லாருக்கும் விளக்கினார். ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடு. குடும்பம் என்றால் இரத்த உறவோ கல்யாண உறவோ உள்ளவர்கள், ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள். தனி ஆளுக்கு இப்போது கிடையாது. இந்த மாடியில் குடியிருப்பவர் என்று கணக்கில் வந்தால்தான் எதுவுமே.

"சண்டை போட்டுத் தனித்தனியா சாப்பிட்டா?" என்று கேட்டார் ராயப்பன் அண்ணன்.

"சமாதானமாகிட்டு வாங்கண்ணே."

அக்கா கேட்டார், "தனியா இருக்கிற பொம்பளைன்னா?"

"அது குடும்பம் இல்லம்மா."

அக்கா தலையை ஆட்டினார். மூட்டைகளுக்கு நடுவே இருப்பவர்களைப் பற்றி அவர் கேட்கவில்லை. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்கவே இல்லை.

ராயப்பன் அண்ணன்தான் தண்ணீர்க் குழாயடியில் என்னிடம் உடைத்துச் சொன்னார். இந்த மாடியின் வரைபடம் அவர்களிடம் இருக்கிறது. அதில் என் இடம் சாமான் அறை. அத்தனை வருடமும் அப்படித்தான் குறித்துக்கொண்டு போனார்கள், அப்படித்தான் அக்கா குறிக்க வைத்தார். இப்போது ஆள் இருக்கிறது என்று சொன்னால், சன்னலில்லாத இடத்தில் ஆள் வைத்ததற்கு அக்கா மேல் வழக்கு. சொல்லாவிட்டால்? அண்ணன் கீழே அஞ்சடிப் பாதையைப் பார்த்தார். அங்கே ஒரு ரிக்‌ஷாக்காரர் கோணியை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு வந்த நாட்களில் காம்பு கிள்ளும் சத்தம் மட்டும், டிக், டிக், டிக். நான் அவருடைய அடுப்பில்தான் சமைப்பேன். சாமான் அறைக்குத் தனி அடுப்பு எப்படி இருக்கும்? அவர் சமைத்து முடித்ததும் மிச்சத் தணலில் என் சட்டியை ஏற்றுவேன். அந்த நாட்களில் தணல் சீக்கிரம் அணைந்துவிடுவதுபோல் தோன்றியது. வேண்டுமென்றே அணைக்கிறாரோ என்றுகூட நினைத்தேன். மகள் கீழே, மில் வாசலோரம் கடை போட்டிருந்த தையல்காரர் மெஷினடியில் துண்டுத் துணி பொறுக்கிக்கொண்டிருப்பாள். நான் அவருக்குக் காஜா எடுத்துக் கொடுத்துக்கொண்டே ஒவ்வொரு துளையிலும் ஒரு கேள்வியை வைத்துத் தைத்தேன். மாடிக்குப் போய் அக்காவிடம் கேட்க மட்டும் வாய் வரவில்லை. இல்லை என்று அவர் சொல்லிவிட்டால், அந்தச் சொல்லுக்கு மேல் எனக்கு வேறு கூரை இல்லை.

கணக்கெடுப்பு நாள் விடிந்தது. தடுப்பில் விரல் முட்டி தட்டியது. நான் எழுந்து பாயின் ஓரத்தைப் பிடித்தேன்.

"சுருட்டாத," என்றார் அக்கா.

எனக்கு விளங்கவில்லை.

"விரிச்சே வை. பிள்ளைய மடியில வச்சுக்கிட்டு அதுமேல உக்காரு. யார் வந்தாலும் எழுந்திரிக்காத."

வந்தவர்கள் மூவர். கணக்கெடுக்கும் அதிகாரி, வெள்ளைச் சட்டைத் தமிழ்ப் பையன், பிறகு அந்தப் பழைய இன்ஸ்பெக்டர். கையில் வரைபடம். கதவு திறந்ததும் வெளிச்சம் என் மடியில் விழுந்தது. மகள் என் புடவைக்குள் முகத்தைப் புதைத்தாள். இருக்கப் பழகாத பிள்ளை.

இன்ஸ்பெக்டர் பாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். நீதானே ஒவ்வொரு முறையும் அறை இல்லை என்றாய் என்று மலாயில் கேட்டார். அக்கா மலாயில் பதில் சொல்லவில்லை. தமிழ்ப் பையன் பக்கம் திரும்பினார். ஒரு சொல்லும் சிந்தாமல் போய்ச் சேரவேண்டும் என்று நினைத்திருக்கவேண்டும்.

"சொல்லுங்க தம்பி. அப்போ பாய் சுருட்டியிருந்துச்சு. இன்னிக்கு விரிச்சிருக்கு. வந்து பாத்துக்கச் சொல்லுங்க."

பையன் சொன்னார். இன்ஸ்பெக்டர் ஏதோ கேட்டார். பையன் தயங்கினார்.

"சன்னல் இல்லாத இடத்துல ஆள வச்சது யாருன்னு கேக்குறாரும்மா."

"நான்தான்."

"வழக்கு வரும்மா."

"வரட்டும். இது அறை. ஆள் இருக்காங்க. முதல்ல அதப் போட்டுக்கச் சொல்லுங்க."

அதிகாரி போட்டுக்கொண்டார். குடும்பத் தலைவர் யார் என்றார். அக்கா என்னைக் காட்டினார். அப்படியானால் நீங்கள்?

"நான் இவ அடுப்புல சாப்பிடுறவ."

அடுப்பு அவருடையது. ஆனால் அன்று காலை அந்த அடுப்பைத் தூக்கி வந்து என் கதவுக்கு வெளியே வைத்திருந்தார் என்பதை அப்போதுதான் பார்த்தேன். மேலே என் சட்டி.

"உறவு?" என்றார் பையன்.

அக்கா வாயைத் திறந்தார். சொல் வரவில்லை. என் வாழ்நாளில் அன்றுதான் அவரைச் சொல் இல்லாமல் பார்த்தேன். அடுப்பைத் தூக்கி வைக்கலாம், பாயை விரிக்கலாம். உறவை எதைத் தூக்கி எங்கே வைத்து உண்டாக்குவது? அதிகாரியின் பேனா காத்திருந்தது. இன்ஸ்பெக்டர் ஏதோ மோப்பம் பிடித்தவர்போல் அக்காவை உற்றுப் பார்த்தார். தனிப் பொம்பளை குடும்பம் இல்லை. நானும் பிள்ளையும் மட்டும் போய்விடலாம், அக்காவுக்கு வழக்கு மிஞ்சும், அவ்வளவுதான். அதை அவர் ஏற்றுக்கொண்டுவிட்டார் என்று அந்தத் திறந்த வாயிலிருந்து தெரிந்தது.

"மாமியார்," என்றேன் நான். "என் வீட்டுக்காரரோட அம்மா."

என் உண்மையான மாமியார் என் கல்யாணத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தவர். அவர் மன்னிக்கட்டும்.

பையன் தமிழர். அவர் காதில் மாடி முழுவதும் சொல்லும் அக்கா, அக்கா விழுந்திருக்கும். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தன் தடுப்புக்கு வெளியே நின்ற ராயப்பன் அண்ணனிடம் போனார். உண்மைதானா என்று கேட்டார்.

அண்ணன் பெருமூச்சு விட்டார். "இந்த மாமியா மருமக சண்டையில நாங்க ஒருநாள் நிம்மதியாத் தூங்கினதில்ல தம்பி. ரெண்டு பேரையும் சேத்து எங்கயாவது தூரமாக் கொண்டுபோய் விடுங்க. புண்ணியமாப் போகும்."

பேனா நகர்ந்தது.

அவர்கள் இறங்கிப் போன பிறகு அக்கா வெகுநேரம் முறத்தின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார். கை மிளகாயைத் தொடவில்லை.

"யோசிச்சுத்தான் சொன்னியா?"

"ஆமா."

"எழுதிட்டாங்க. இனிமே மாத்த முடியாது."

"தெரியும்."

முறத்தை மடிக்கு இழுத்துக்கொண்டு, "உன் குழம்புல எப்பவும் உப்பு கம்மி," என்றார். "இத்தனை நாளா சொல்லல. அக்கா சொல்லக்கூடாது. மாமியா சொல்லலாம்."

வழக்கு வந்தது, அபராதம் கட்டினார். அதன் பிறகு மூக்குத்தி இருந்த இடத்தில் ஓர் ஈர்க்குச்சி. புது வீட்டுக்குப் போகும்போதும் அந்த ஈர்க்குச்சியோடுதான் வந்தார். குவீன்ஸ்டவுனில் ஓர் அறை வீடு. உள்ளே நுழைந்ததும் அடிக்கோலை எடுத்துச் சுவர் சுவராக வைத்துப் பார்த்தார். சன்னலைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். "இது அறை," என்றார். இரண்டடி நடந்து, "இது சமையல்கட்டு," என்றார். எதையும் நகர்த்தாமலே எல்லாம் அதனதன் பெயரில் இருந்தது அவருக்கு ஏமாற்றமாகக்கூட இருந்திருக்கலாம். குடையை மட்டும் கொண்டுவந்திருந்தார். கதவுக்குப் பின்னால் மாட்டினார். யாராவது கேட்டால் உன் புருஷனோடதுன்னு சொல்லு என்றார்.

எனக்கு உள்ளூர நடுக்கம்தான். பொய் சொல்லி வாங்கிய கூரை. கதவு தட்டப்படும்போதெல்லாம் இதோ வந்துவிட்டார்கள் என்று மகளைப் பிடித்துக்கொள்வேன். அக்கா நடுங்கவில்லை. மாமியார் ஆனார். நான் தவறி அக்கா என்றால் திரும்பிப் பார்க்கமாட்டார்; அத்தை என்றால்தான் பதில் வரும், வீட்டுக்குள் வேறு யாருமே இல்லாதபோதும். மகளுக்கு அவர் அப்பாயி. நான் வேலைவிட்டுத் தாமதமாக வந்தால் கேள்வி. தலை வாராமல் நின்றால் கேள்வி. விடிந்ததும் பாயைச் சுருட்டு. இனி எதுக்கு அத்தை என்றேன் ஒருநாள். சோம்பேறி மருமக என்றார்.

இன்னொன்றும் கேட்டார். "உன் புருஷன் எப்படி இருப்பான்? அம்மாவுக்குத் தெரியாம இருக்கக்கூடாது."

சொன்னேன். இடதுகைக்காரர். வலது புருவத்தில் வெட்டுத் தழும்பு. பேசும்போது கடைசிச் சொல்லை இழுப்பார். பாகற்காய் தொடமாட்டார்.

"பாகக்கா திங்கமாட்டானா? நான் வளத்த லட்சணமா இது," என்று முறத்தைத் தட்டினார். அன்றிலிருந்து வாரம் ஒருமுறை பாகற்காய் சமைத்தார். எங்களைப் பழக்கவாம்.

சிரித்தோம். ஆனால் நான் சிரித்துக்கொண்டே அவரைக் கவனிப்பேன். எழுதிய ஒரு சொல்லுக்குள் ஒரு மனுஷி இவ்வளவு முழுதாகப் போய் உட்காரமுடியுமா? அப்படியானால் அதிலிருந்து அவரை யாராவது பிடுங்கினால் என்ன மிஞ்சும்?

மழை விட்ட ஒரு மாலை. மகள் பள்ளியிலிருந்து வரும் நேரம். நான் சமையல்கட்டில் மூங்கிலில் ஈரத் துணிகளைக் கோத்துக்கொண்டிருந்தேன். கதவு தட்டப்பட்டது. அத்தை போய் மரக்கதவைத் திறந்தார். இரும்புக் கதவைத் திறக்கவில்லை.

கம்பிகளுக்கு வெளியே ஒரு குரல் என் பெயரைச் சொன்னது. கடைசி எழுத்தை இழுத்து.

என் கையில் மூங்கில் கனத்தது.

அவர் யார் என்று அத்தை கேட்டார். தேக்காவில் விசாரித்து வந்தாராம். கப்பலை விட்டாயிற்றாம். இனி இங்கேதானாம். பெட்டியைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது, இடது கையிலிருந்துதான் இருக்கும். "நான் அவ வீட்டுக்காரன்மா. நீங்க யாரு?"

"அவ வீட்டுக்காரனா," என்றார் அத்தை. "அப்போ நான் உன் அம்மா."

அவர் சிரித்தார். "என்னம்மா சொல்றீங்க? எங்கம்மா செத்து எத்தனையோ வருஷமாச்சு."

"இந்த வீட்டுல மூணு பேரு. அவ, அவ பிள்ளை, அவ புருஷனப் பெத்த நான். எழுதியிருக்கு. பெத்தவள அடையாளம் தெரியாம வந்து நிக்கிறியே, நீ யாரு?"

அவர் குரல் ஏறியது. என் பெயரை உரக்கக் கூப்பிட்டார், மறுபடியும் கூப்பிட்டார். நடைபாதையில் அடுத்த வீட்டுக் கதவு திறந்தது. எனக்குத் தெரியும், அவர் உள்ளே வந்தால் குடும்பத் தலைவர் அவர். அத்தை யாரும் இல்லை. எழுதியதெல்லாம் பொய் என்று யாராவது ஒருவர் ஆபீஸில் போய்ச் சொன்னால் போதும். இதுவும் தெரியும்: அந்தக் குரலுக்காக நான் மூட்டைகளுக்கு நடுவே விழித்துக் கிடந்திருக்கிறேன். பொட்டு இன்னும் நெற்றியில்தான் இருந்தது.

அத்தையின் கை இரும்புக் கதவின் தாழ்ப்பாளில் இருந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. திறக்கவும் இல்லை, போ என்று சொல்லவும் இல்லை. இத்தனை வருடமும் உத்தரவு போட்ட குரல் முதல்முறையாக என்னைக் கேட்டது.

"உள்ள பாய் விரிச்சிருக்கா, சுருட்டியிருக்கா?"

ஈரத் துணியிலிருந்து என் பாதத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"சுருட்டியாச்சு, அத்தை."

தாழ்ப்பாளிலிருந்து கை இறங்கும் சத்தம். மரக்கதவு சாத்தும் சத்தம். நான் மூங்கிலைத் தூக்கிச் சன்னலுக்கு வெளியே நீட்டினேன். கீழே பள்ளி விட்ட பிள்ளைகள் மழைத் தண்ணீரை மிதித்துக்கொண்டு வந்தார்கள். அவர்களில் ஒருத்தி நின்று, தலையைத் தூக்கி, எங்கள் மூங்கிலைத் தேடினாள்.